கரடியை ஏமாற்ற முடியாது

இரண்டு நண்பர்கள் காட்டு வழியே போகிறார்கள். கரடி வருகிறது. ஒருவன் மரத்தில் ஏறிவிடுகிறான். ஏறத் தெரியாத மற்றவன் மூச்சை அடக்கிக்கொண்டு பிணம்போலக் கிடக்கிறான். கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. நட்பின் இலக்கணத்தைச் சொல்ல ஈசாப் கதைகளில் வரும் இந்தக் கதையை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கதையின் நீதியோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த நீதியை மறந்தவர்கள்கூட மறக்காமல் வைத்திருக்கும் இரண்டு உத்திகளோடுதான் சண்டை: மரம் இருந்தால் ஏறு, இல்லாவிட்டால் செத்ததுபோல் கிட. நீலகிரிக்கு மலையேறப் போகும் படித்த இளைஞர்களிடம் கரடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் இன்றும் இதே பதில்தான் வருகிறது. கூடவே இறக்கத்தில் ஓட வேண்டும், கண்ணை முடி மறைத்துக்கொள்வதால் அதனால் துரத்த முடியாது என்றும் சொல்வார்கள். இந்த மூன்றையும் நம்பிக் கோத்தகிரிச் சரிவில் கால் வைப்பது, ஒன்றுமே தெரியாமல் போவதைவிட ஆபத்தானது. ஒன்றும் தெரியாதவராவது பயந்து, உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வார்.

கரடி பிணத்தைத் தொடாது என்பதே முதல் பிழை. வட அமெரிக்காவின் பழுப்புக் கரடி, பனி உருகும் காலத்தில் குளிருக்கு மடிந்த காட்டெருமைகளையும் மான்களையும் தேடிப் போய்த் தின்கிறது. தென்னிந்தியாவில் நமக்கு உள்ளது ஒரே ஒரு கரடி இனம். கரையானும் எறும்பும் தேனும் பழமும்தான் அதன் சாப்பாடு. மேல்தாடையில் நடுவில் இருக்க வேண்டிய இரண்டு முன்பற்கள் அதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் புற்றிலிருந்து கரையானை உறிஞ்சுகிறது. இப்படிப்பட்ட விலங்கு மனிதன்மேல் பாய்வது அவனைத் தின்பதற்காக அல்ல. அப்படியிருக்க, அவன் உயிரோடு இருக்கிறானா செத்துவிட்டானா என்று அது ஏன் ஆராய வேண்டும்? அது அறிய விரும்புவது ஒன்றைத்தான்: எதிரில் இருப்பதால் தனக்கும் தன் குட்டிக்கும் இன்னும் ஆபத்து உண்டா?

கதையின் பிழை வெறும் கருத்துப் பிழையாக இருந்தால் விட்டுவிடலாம். அது உடம்பின் கிடையையே தவறாகக் கற்றுக்கொடுக்கிறது. குழந்தைகளுக்கான படப் புத்தகங்களில் இந்தக் காட்சியைப் பாருங்கள். பெரும்பாலும் அந்த நண்பன் மல்லாந்து, முகம் வானத்தைப் பார்க்கக் கிடப்பான். கரடி குனிந்து அவன் காதருகே மூக்கை வைத்திருக்கும். நம் கரடியின் முன்னங்காலில் புற்றை உடைப்பதற்கென்று வளர்ந்த, ஒரு விரல் நீளத்துக்குக் கிட்டத்தட்ட வரும் நகங்கள் இருக்கின்றன. தாக்கும்போது அது குறிவைப்பது தலையையும் முகத்தையும்தான். கண், மூக்கு, தாடை, உச்சந்தலைத் தோல் ஆகியவற்றை இழந்து பிழைத்தவர்கள் மத்திய இந்தியக் கிராமங்களில் ஏராளம். 1989 முதல் 1994 வரையிலான ஐந்து ஆண்டுகளில் அன்றைய மத்தியப் பிரதேசத்தில் மட்டும் 735 பேர் கரடியிடம் சிக்கினார்கள்; அவர்களில் 48 பேர் இறந்தார்கள். மீதிப் பேர் பிழைத்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எத்தகைய முகத்தோடு, எத்தகைய பார்வையோடு பிழைத்தார்கள் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. இப்படிப்பட்ட விலங்கின் முன்னால் முகத்தை மேலே காட்டிப் படுக்கச் சொல்வதைவிட மோசமான அறிவுரை இருக்க முடியுமா?

மரத்தின் கதையும் இதேதான். நம் கரடி மரம் ஏறும். தேனடைக்காகவும் பழத்துக்காகவும் நல்ல உயரம் ஏறும். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஆபத்து வந்தால் அமெரிக்கக் கருங்கரடி தன் குட்டிகளை மரத்தில் ஏற்றிவிடும். நம் கரடி அப்படிச் செய்வதில்லை. குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு திரிகிறது. காரணம், அது வளர்ந்த காடு வேறு. அந்தக் காட்டில் புலி இருந்தது, சிறுத்தை இருந்தது, யானை இருந்தது. சிறுத்தை மரமேறும், ஆகவே மரம் கரடிக்குப் புகலிடமாக இருந்ததில்லை. புலியை ஓடியும் தப்ப முடியாது. தலைமுறை தலைமுறையாக அதற்கு மிஞ்சியது ஒரே வழி: நின்று, உறுமி, பாய்ந்து, எதிரியைப் பின்வாங்க வைப்பது. புலியையே இப்படி எதிர்த்து நிற்கும் கரடிகளை ரந்தம்போர், தடோபா காடுகளில் பார்த்தவர்கள் உண்டு. திடீரென்று முன்னால் வந்து நிற்கும் மனிதனிடமும் அது இதையே செய்கிறது. அதை மூர்க்கம் என்கிறோம். அதன் கணக்கில் அது தற்காப்பு. இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் புரியும்.

ஓடுவது ஏன் கூடாது என்பதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. பார்ப்பதற்குத் தள்ளாடி நடப்பதுபோல் தோன்றினாலும் மனிதனைவிட வேகமாக ஓடக்கூடிய விலங்கு அது. ஏற்றம், இறக்கம் என்ற வேறுபாடெல்லாம் அதற்கு இல்லை. அன்றாடம் அது நடமாடும் நிலமே சரிவுதான். முடி விழுந்து கண்ணை மறைக்கும் என்பது கற்பனை. அதன் பார்வை பொதுவாகவே மந்தம்தான், அதற்கும் முடிக்கும் தொடர்பில்லை. இறக்கத்தில் ஓடுகிற மனிதன்தான் தேயிலைச் செடியின் வேரிலும் வாய்க்காலிலும் கால் தடுக்கி விழுகிறான். விழுந்தவன் எழுவதற்குள் அது வந்துவிடும்.

பழைய கதைகளை ஒதுக்கிவிட்டுப் புதிய அறிவியலைப் பின்பற்றுவதாக நினைப்பவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். கைபேசியில் சுற்றிவரும் அமெரிக்க விதி ஒன்று உண்டு: கரடி பழுப்பாக இருந்தால் தரையில் கிட, கருப்பாக இருந்தால் எதிர்த்துப் போராடு. யெல்லோஸ்டோன், அலாஸ்கா போன்ற இடங்களில் அந்த இரண்டு இனங்களும் இருப்பதால், இரண்டின் குணமும் வேறு என்பதால் உருவான விதி அது. அங்கேகூட நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று சொல்கிறார்கள், ஏனென்றால் கருங்கரடி என்று பெயர்பெற்ற இனத்திலேயே பழுப்பு நிறக் கரடிகள் உண்டு. நம் கரடி அட்டக் கருப்பு. அந்த விதியைக் கோத்தகிரிக்குக் கொண்டுவந்தால் வெறுங்கையோடு அதனுடன் மல்லுக்கு நிற்க வேண்டியதாகிவிடும். குணத்தில் அது அமெரிக்கக் கருங்கரடியின் பக்கம் இல்லை. குட்டியோடு இருக்கும் பழுப்புக் கரடியின் பக்கம்தான் இருக்கிறது. அங்கே காற்றில் பீய்ச்சும் மிளகாய்க் காரத் தெளிப்பான் நன்றாகப் பயன்படுகிறது என்பது உண்மை. நம் மலையேறுபவரின் பையில் அது இருப்பதில்லை. இல்லாத ஆயுதத்தை நம்பிப் பாதை வகுக்க முடியாது.

இதுவரை சொன்ன தவறுகளுக்கெல்லாம் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது: கரடி எதிரே வந்தபின் ஏதோ ஒரு சாமர்த்தியம் நம்மைக் காப்பாற்றும் என்பது. நம் கரடி தாக்குவது பெரும்பாலும் சில அடித் தொலைவில் திடுமென எதிர்ப்படும்போதுதான். அந்த நொடியில் சாமர்த்தியத்துக்கு இடமில்லை. அது எதிர்ப்படும் முன்னரே, வெகு தொலைவிலேயே, நாம் வருவதை அதற்குத் தெரியப்படுத்துவதில்தான் உயிர் இருக்கிறது.

இங்கேதான் மலையேற்றக் குழுக்கள் பெருமையோடு கடைப்பிடிக்கும் ஒரு பழக்கத்தை நான் கடுமையாக மறுக்கிறேன். காட்டில் பேசக் கூடாது, காலடி ஓசைகூடக் கேட்கக் கூடாது, அதுதான் காட்டுக்குச் செய்யும் மரியாதை என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பறவை பார்க்கும் சமவெளி ஏரிக்கரையில் அது சரி. கரடி இருக்கும் மலைப்பாதையில் அது தவறு. கரடி எப்படிச் சாப்பிடுகிறது என்று பாருங்கள். புற்றை நகத்தால் உடைக்கிறது. மூக்கைத் துளைக்குள் நுழைத்து மண்ணையும் தூசியையும் பலமாக ஊதித் தள்ளுகிறது. பிறகு நாசித்துளைகளை மூடிக்கொண்டு கரையானை உறிஞ்சுகிறது. இந்த ஊதலும் உறிஞ்சலும் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அத்தனை இரைச்சலில் மூழ்கியிருக்கும் அதன் காதில் நம் காலடி விழாது. அதன் புலன்களிலேயே கூர்மையான மூக்கும் அந்த நேரத்தில் புற்றுக்குள் இருக்கிறது. பார்வையோ ஏற்கெனவே மந்தம். இந்த மூன்றும் சேர்ந்த நிலையில், உண்ணிச்செடிப் புதருக்கு மறுபுறமிருந்து மெல்ல அடியெடுத்து வரும் ஒழுக்கமான மலையேற்றக் குழு திடீரென்று அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கும். அந்தக் கணத்தில் கரடிக்கு அந்தக் குழு புலிதான்.

ஆகவே பேசுங்கள். கத்த வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், கைபேசிப் பாட்டும் வேண்டாம். சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு நடந்தால் போதும். வளைவு வரும்போதும், புதர் இரண்டு பக்கமும் நெருங்கும்போதும், ஓடை இரைச்சல் நம் குரலை விழுங்கும் இடத்திலும், காற்று எதிர்முகமாக வீசும்போதும் இரண்டு முறை கைதட்டிவிட்டு நின்று கேளுங்கள். புற்றை ஊதும் ஓசை நமக்குக் கேட்கும் என்பதை மறக்கக் கூடாது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு நடப்பவர் அந்த எச்சரிக்கையைத் தானே அறுத்துவிடுகிறார்.

யானைக் காட்டில் சத்தம் போடுவது ஆபத்தில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நீலகிரியின் தாழ்சரிவுகளில் யானையும் கரடியும் ஒரே பாதையைப் பயன்படுத்துகின்றன. ஆனால் யானையும் திடீரென்று எதிர்ப்படும் மனிதனைத்தான் அதிகம் வெறுக்கிறது. தொலைவில் மனிதக் குரல் கேட்டால் விலகிப்போக அதற்கும் நேரம் கிடைக்கிறது. யானை அருகில் இருப்பது தெரிந்தபின் வாயை மூடிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். எங்கே பேசலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதைப் யானை லத்தியின் சூட்டையும் ஒடிந்த மூங்கிலின் ஈரத்தையும் பார்த்துச் சொல்லக்கூடியவர் அந்த மலையிலேயே பிறந்த இருளரோ குறும்பரோதான். அவர் முன்னால் நடக்கட்டும், அவர் சொல் செல்லட்டும்.

சூரிய உதயம் பார்க்கும் மோகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விடியற்காலை நாலரைக்குக் கைவிளக்கோடு கிளம்பி முகட்டில் ஏறிப் படமெடுப்பது இன்று மலையேற்றத்தின் சிகரமாகிவிட்டது. கரடி இரவிலும், விடியலிலும், அந்தியிலும்தான் இரைதேடி நடக்கிறது. வெயில் ஏறியதும் பாறையிடுக்கிலோ புதரிலோ ஒதுங்குகிறது. அதன் நேரத்தில், இருட்டில், அதன் பாதையில் நாமே போய் நின்றுவிட்டு, கரடி மனிதனைத் தாக்கியது என்று செய்தி எழுதுகிறோம்.

நடக்கும்போது தரையைப் படிக்கவும் வேண்டும். புதிதாக உடைத்த புற்று, ஈரம் காயாத மண், கொன்றை விதையும் இலந்தைக் கொட்டையும் நிறைந்த எச்சம் ஆகியவை கண்ணில் பட்டால் அங்கே நின்று படம் எடுக்காமல் பாதையை மாற்றுங்கள். முதுமலைக் கரடிகளின் எச்சத்தை ஆராய்ந்தவர்கள் கரையானோடு கொன்றையையும் இலந்தையையும் கண்டிருக்கிறார்கள். ஊரை ஒட்டிய இடங்களில் பலாவும் கொய்யாவும் பழுக்கும் காலம் அது இறங்கிவரும் காலம். நாயைக் கூட்டிக்கொண்டு போனால் காவல் என்று நினைப்பது வேண்டாம். அவிழ்த்துவிட்ட நாய் கரடியைச் சீண்டிவிட்டு எசமானிடமே ஓடிவரும், துரத்திக்கொண்டு கரடியும் பின்னாலேயே வரும்.

இத்தனைக்குப் பிறகும் எதிர்ப்பட்டால்? தொலைவில் இருந்தால், அதன் வழியை மறிக்காமல், முதுகைக் காட்டாமல், மெல்லப் பக்கவாட்டில் விலகுங்கள். அது பின்னங்கால்களில் எழுந்து நின்றால் பாயப்போகிறது என்று பதற வேண்டாம்; பெரும்பாலும் மோப்பம் பிடிக்கவே அப்படி நிற்கும். குட்டி கண்ணில் பட்டால் தாய் எங்கே என்று தேடாமல் வந்த வழியே திரும்புங்கள். நெருக்கத்தில் இருந்தால் ஓடாதீர்கள், சிதறாதீர்கள். அந்தக் கதையின் நண்பர்கள் செய்த மிகப் பெரிய பிழை பிரிந்ததுதான். மூன்று நான்கு பேர் தோளோடு தோள் நின்று, தடியையும் பையையும் முன்னால் பிடித்து, பேசிக்கொண்டே அடிஅடியாகப் பின்வாங்கினால் பல நேரங்களில் அது ஒரு பாய்ச்சல் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். உடம்பில் அது விழுந்தேவிட்டால்தான் தரை. அப்போதும் குப்புற, வயிறும் முகமும் மண்ணில் அழுந்த, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்து, முழங்கைகளால் கன்னத்தை மறைத்து, புரட்ட முடியாதபடி கால்களைச் சற்று அகட்டிப் படுங்கள். முதுகுப் பையைக் கழற்றக் கூடாது, அதுதான் கவசம். கரடி போய்விட்டது என்று உறுதியாகும்வரை அசையக் கூடாது.

இதையே சான்றாகக் காட்டி, படுத்துக் கிடந்ததால்தான் என் சித்தப்பா பிழைத்தார் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. எதிர்ப்பு நின்றதும் கரடிக்கு ஆபத்து நீங்கிவிடுகிறது, அதனால் போய்விடுகிறது. பிணம் என்று நம்பி அது போகவில்லை. என்ன வேறுபாடு, பலன் ஒன்றுதானே என்று கேட்கலாம். பலன் ஒன்றல்ல. பிணம் என்று நம்புகிறவர் இருபது அடித் தொலைவிலேயே, விலகிப்போக வழியிருக்கும்போதே, மல்லாந்து படுப்பார். ஆபத்து நீங்குவதுதான் காரணம் என்று அறிந்தவர் கடைசிவரை பின்வாங்கிப் பார்ப்பார், வேறு வழியே இல்லாதபோது முகத்தைக் காத்துக் குப்புறப் படுப்பார். கண்ணோடு வீடு திரும்புவதும் கண்ணில்லாமல் திரும்புவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

என்ன செய்வது என்று முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பது காப்பாற்றப் போகிறவர்களுக்கும் பொருந்தும். 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே ஊர்ப்பக்கம் வந்த கரடி ஒருவரைத் தாக்கியது. மீட்கப் போன இருவரும் படுகாயம் அடைந்தார்கள். பிறகு மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் காட்டில் விடப்பட்ட அந்தக் கரடியும் இறந்துபோனது. துணிந்து ஓடிய அந்த இருவரை யாரும் குறை சொல்ல முடியாது. தனித்தனியாக வெறுங்கையோடு நெருங்குவதைவிட, கூட்டமாக நின்று தடியோடும் ஒரே குரலோடும் அதற்கு ஓட ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு நெருங்குவது நல்லது என்று அந்த ஊர்களில் முன்பே யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அப்படியொரு பயிற்சி கிராமங்களுக்குப் போய்ச் சேராததில்தான் எனக்குக் கோபம். காயம்பட்டவருக்குச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுப்போட்டு 108-ஐ அழைக்க வேண்டும் என்பதும், மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும் என்பதும்கூடப் பலருக்குத் தெரியாது.

ஊருக்குள் வரும் கரடிகளையெல்லாம் பிடித்து வேறு காட்டில் விட்டுவிட்டால் தீர்ந்தது என்ற குரலும் ஓங்கி ஒலிக்கிறது. பிடித்த இடத்தை அடுத்த கரடி காலியாக விட்டுவைக்காது. அது வரக் காரணமானவை அங்கேயே கிடக்கின்றன. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கோயில் கதவை உடைத்து விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்த கரடிகளைப் பற்றியும், சத்துணவுக் கூடத்துக்குள் புகுந்த கரடிகளைப் பற்றியும் ஆண்டுதோறும் செய்தி வருகிறது. பராமரிப்பில்லாமல் விட்ட தேயிலைத் தோட்டம் ஆளுயரப் புதராகிவிட்டது. குப்பை மூடியின்றிக் கிடக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து விடியுமுன் கழிப்பிடம் தேடி வெளியே வரும் பெண்ணும், பச்சை இலை பறிக்கப் போகும் தொழிலாளியும், பள்ளிக்கு இறங்கும் பிள்ளையும்தான் அந்தப் புதரை அன்றாடம் கடக்கிறார்கள். வார இறுதியில் வந்துபோகும் மலையேறுபவருக்கு எழுதப்படும் குறிப்புகளில் அவர்கள் இல்லை. மத்திய இந்தியாவிலும் அடிபட்டவர்களில் பெரும்பகுதி இலுப்பைப்பூவும் பீடி இலையும் விறகும் சேர்க்கப் போன ஏழைகள்தான்.

2018இல் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன பலரை இழந்தபின் தமிழகத்தில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் அரசே 40 பாதைகளைத் திறந்து உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியது. நல்ல தொடக்கம். இனிச் செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. வனவிலங்குகள் நடமாடும் பகுதி, எச்சரிக்கை என்று மட்டும் எழுதிய பலகைகளில் கூட்டமாகப் போ, பேசிக்கொண்டே போ, ஓடாதே, விழுந்தால் குப்புற என்பதையும் படத்தோடு எழுத வேண்டும். கரடிப் பாதைகளில் வெயில் ஏறும் முன் யாரையும் அனுப்பக் கூடாது. தொழிலாளர் நடக்கும் ஒற்றையடிப் பாதைகளின் இருபுறமும் புதரை வெட்டி, வளைவுக்கு வளைவு விளக்குப் போட வேண்டும். உடைந்த புற்றையோ ஈரமான எச்சத்தையோ கண்டு வழிகாட்டி திரும்பலாம் என்று சொன்னால், அவரிடம் வாதாட யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது; அன்றைய கட்டணத்தை முழுதாகத் திருப்பித் தர வேண்டும், அவர் கூலியில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது.